சுள்ளி ஒடியும் சத்தம்

அடுக்களைக்குள் ‘மடக்’கென்று ஏதோ ஒடிந்தது.

கூடத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆத்மநாதன் கவளத்தை வாய்க்கருகில் நிறுத்திக்கொண்டு தலையைத் திருப்பினார்.

“என்ன சத்தம் அது?”

“சுள்ளி ஒடிச்சேங்க,” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி உண்ணாமலை சொன்னாள்.

“அடுப்பு அணைஞ்சு எம்புட்டு நேரமாச்சு. ரசம் ஆறிக் கெடக்கு. இப்ப என்னத்துக்குச் சுள்ளி?”

“சாயங்காலத்துக்கு எடுத்து வைக்கிறேன்.”

அவர் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அடுக்களை வாசலில் நின்றார். அடுப்புக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒடித்த சுள்ளிகள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தார். விரல் நீளம்கூட இல்லை.

“எலி கடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. இத வச்சு எவ அடுப்பு எரிப்பா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “எனக்கென்னமோ இது ஒன் முட்டி சத்தமாத்தான் படுது. கொளத்தூர் வைத்தியருக்குச் சொல்லி விடறேன். வாதமுன்னு அவர் சொல்லிட்டா மறைச்சுப் பிரயோசனமில்ல. செவந்தி பள்ளிக்கூடம் போனது போதும். பரீட்சை எழுதி அவ என்ன கலெக்டராவா போகப் போறா? வீட்டுக்கு ரெண்டு கை வேணும்.”

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். உண்ணாமலை சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுள்ளிக் குவியலையே பார்த்தபடி நின்றாள்.

அவர் சொன்னது சரிதான். அது அவளுடைய முழங்கால்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழும்போதெல்லாம் இரண்டு மூட்டுகளும் மாறி மாறிச் சத்தம் போட்டன. அந்தச் சத்தத்தை மூடிமறைக்க அவள் கண்ட வழி, எழும் அதே நொடியில் கையில் ஒரு சுள்ளியை ஒடிப்பது. எட்டு மாதமாக ஒடித்துக்கொண்டிருந்தாள். ஒடித்த சுள்ளிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

திருக்கோகர்ணத்தில், கோயிலுக்குப் பின்புறச் சந்தில் இருந்தது அந்த வீடு. ஆத்மநாதன் ஒரு காலத்தில் அரண்மனையின் சாமான் களஞ்சியமான உக்கிராணத்தில் மேற்பார்வை பார்த்தவர். உண்ணாமலை இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது தண்ணீர் இறைக்க ஒருத்தி, நெல் குத்த ஒருத்தி என்று இரண்டு வேலைக்காரிகள் இருந்தார்கள். நாற்பத்தெட்டாம் வருஷம் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. அவருடைய உத்தியோகம் போனது. பூஜைச் சாமான் கடை ஒன்று வைத்தார். வேலைக்காரிகள் நின்றார்கள். அவர்கள் செய்த வேலைகள் நிற்கவில்லை. கிட்டத்தட்ட எல்லாம் உண்ணாமலையின் முழங்கால்களுக்கு வந்து சேர்ந்தன. கிணறு, உரல், அம்மி, மச்சுப்படி, திரும்பவும் கிணறு. ஒன்பது வருஷம்.

அந்தப் பழைய பெருமையிலிருந்து ஆத்மநாதன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுப் பெண் அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருந்த கதவுதான் எல்லை. யாராவது வந்தால் அந்தக் கதவு ஒருக்களித்துவிடும். சமஸ்தானம் போன பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த ராஜ்யம் அந்தக் கதவு.

செவந்தி அவர்களுடைய ஒரே மகள். பதினோராம் வகுப்பு. பங்குனியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அதில் தேறினால் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகலாம் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருந்தாள். பதினாறு வயதில் கழுத்தை நீட்டி இந்தக் கதவுக்குள் வந்த தாய்க்கு, மகள் அந்தக் கதவைத் தாண்டிவிட வேண்டும் என்பது தவிர வேறு பிரார்த்தனை இல்லை. அப்போது தை மாதம். இன்னும் இரண்டு மாதம் முழங்கால்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

வாரம் இரண்டு நாள் நெல் குத்திக் கொடுக்க வரும் காத்தாயியிடம்தான் அவள் மனம்விட்டுச் சொன்னாள்.

“இதுக்கா அழுகுற?” என்றாள் காத்தாயி. “வைத்தியரு கண்ணால பாக்கப் போறதில்ல. கதவுக்குப் பின்னாடி யாரு உக்காந்து எந்திரிச்சா அவருக்கென்ன தெரியும்? நான் உக்காந்து எந்திரிக்கிறேன். என் முட்டிக்கு வாயே கெடையாதுக்கா. வாய் பூராவும் மேலதான் இருக்கு.”

“பாவமில்லையாடி?”

“உன் முட்டியப் பத்தி நான் பொய் சொன்னாத்தான் பாவம். என் முட்டியப் பத்தி நான் உள்ளதத்தான சொல்லப் போறேன்.”

அழுதுகொண்டிருந்த உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார் வைத்தியர் வீரய்யா. தலை முழுக்க நரைத்தவர். தோல்பையைத் திறந்ததும் கூடம் முழுக்கத் தைல வாசனை பரவியது. ஆத்மநாதன் விஷயத்தைச் சொன்னார். கதவின் ஏற்பாட்டையும் சொன்னார். வைத்தியருக்கு அது புதிதில்லை.

“பாக்க முடியாத மூட்டைக் காதால பாக்க வேண்டியதுதான்,” என்றார். “அம்மாவைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு மூணு தடவ குத்தவச்சு எந்திரிக்கச் சொல்லுங்க.”

உள்ளே காத்தாயி உட்கார்ந்தாள், எழுந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். மூன்றாவது முறையும் புடவை சரசரத்த ஓசை தவிர வேறொன்றும் கேட்கவில்லை. உண்ணாமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

“சரி. நாடி பாக்கணும். எடக் கையை நீட்டச் சொல்லுங்க.”

இதை அவர்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை. காத்தாயி தன் கையைப் பார்த்தாள். புருஷன் போன பிறகு வளையல் ஏறாத, வெறுங்கை. அதை நீட்டினால் கூடத்தில் இருக்கும் ஆத்மநாதனுக்கே தெரிந்துவிடும். வேறு வழியில்லாமல் உண்ணாமலை தன் கையைக் கதவிடுக்கில் நீட்டினாள். ஆறு கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மோதிக் குலுங்கின.

வைத்தியர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்தார். ஆள்காட்டி விரலுக்கடியில் நாடி பாம்பு நெளிவதுபோல் ஓடியது. வாயு மிஞ்சிய நாடி. அவர் கண்ணைத் திறந்து அந்த வளையல்களைப் பார்த்தார். மூன்று முறை ஒருத்தி உட்கார்ந்து எழுந்திருக்கிறாள். அப்போது ஒரு வளையல்கூடக் குலுங்கவில்லை.

கதவுக்குப் பின்னால் இருப்பவள் எதற்காக இதைச் செய்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாகக் கைகளைப் பிடித்தவர். பயத்தின் நாடியும் அவருக்குத் தெரியும். கையை மெதுவாக விட்டார்.

“அம்மாவுக்கு ஒண்ணுமில்லிங்க,” என்றார். “நீங்க எந்திரிங்க, பாப்போம்.”

“நானா?”

“குத்தவச்சு எந்திரிங்க.”

ஆத்மநாதனுக்கு வயது ஐம்பத்திரண்டு. உட்கார்ந்து எழுந்தார். ‘மடக்’.

அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

“இங்க இருக்கு வாதம்,” என்றார் வைத்தியர். அது முழுப் பொய்யும் இல்லை. “ரெண்டு எலும்பு சேர்ற எடத்துல ஒரு வழவழப்பு இருக்குங்க, சிலேத்துமம்னு சொல்லுவோம். வயசு ஏற ஏற, ஒடம்பு உழைக்க உழைக்க, வாயு மிஞ்சும். வாயுன்னா வறட்டுக் காத்து. மூட்டுக்குள்ள பூந்து அந்த வழவழப்பை வத்த வச்சிரும். அப்புறம் மை போடாத வண்டி அச்சு மாதிரித்தான். சந்தி வாதம்னு பேரு.”

பிறகு கதவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, குரலைச் சற்று உயர்த்திச் சிகிச்சையைச் சொன்னார். உளுந்து மாவைப் பிசைந்து முழங்காலைச் சுற்றிக் கிணற்றுச் சுவர்போல வரப்புக் கட்ட வேண்டும். அதற்குள் இளஞ்சூட்டில் தைலம் ஊற்ற வேண்டும். ஆற ஆற எடுத்துச் சுடவைத்து ஊற்றி, அரைமணிக்கும் மேல் நிறுத்த வேண்டும். பிறகு நொச்சி இலையைத் துணியில் முடிந்து ஒற்றடம். சித்தரத்தைக் கஷாயம். வாழைக்காய், மொச்சை, பழைய சோறு கூடாது. இருபத்தோரு நாள் தைலம். அது முடிந்து, அதற்கு இரண்டு பங்கு, நாற்பத்திரண்டு நாள் பத்திய ஓய்வு. வாயு புகுந்த மூட்டுக்குக் காற்று ஆகாது; ஜன்னலும் வாசற்கதவும் சாத்தியே இருக்க வேண்டும்.

“தைலத்த மூணு நாளைக்கு ஒருதரம் மாத்தணும்,” என்றார். “மாத்தின எண்ணெயக் கொட்டிடாதீங்க. வீட்டுல வேற யாருக்காச்சும் முட்டி வலின்னா தேச்சுக்கலாம். மூட்டு சூடா வீங்கியிருந்தா மட்டும் தேய்க்கக் கூடாது, அது வேற வாதம்.”

கதவுக்குப் பின்னால் உண்ணாமலை கைகூப்பினாள். அவர் உண்மையைக் கண்டுகொண்டார், காட்டிக்கொடுக்கவில்லை.

வைத்தியர் இன்னும் ஒரு படி போய்ப் பார்த்தார். “வேலை கொஞ்சம் கூடும். தண்ணி எடுக்க, ஒரல் வேலைக்கு ஒரு ஆளத் தெனம் வச்சுக்கிட்டா நல்லது.”

“எதுக்கு?” என்றார் ஆத்மநாதன். “அதான் வீட்ல இவ இருக்காளே. முட்டி நல்லாருக்குன்னு இப்பத்தானே நீங்களே சொன்னீங்க?”

வைத்தியர் தோல்பையை மூடினார்.

மறுநாள் வாசற்கதவு சாத்தப்பட்டது. ஜன்னல்களுக்குப் பழைய வேட்டிகளைக் கட்டினார்கள். கடையை ஆத்மநாதனின் தம்பி பார்த்துக்கொண்டார்.

அன்றைக்குத்தான் உண்ணாமலைக்குப் புரிந்தது, வைத்தியர் செய்த கருணை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று. இதுவரை காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, மறுபடி விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் அவர் வீடு திரும்புவார். இனி அறுபத்து மூன்று நாள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பார். காற்றுப் புகாத வீட்டில் ஓசையும் வெளியே போகாது. ஓட்டில் பல்லி நகர்ந்தால் கேட்டது. சுள்ளியும் இனி உதவாது.

தினமும் காலையில் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து மாவு வரப்புக் கட்டினாள். கரண்டியால் தைலத்தை எடுத்து, கரியடுப்பில் காட்டி, திரும்ப ஊற்றினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “ஆகா, உள்ள எறங்குது பாரு,” என்பார். அவள் முழங்கால்கள் மடங்கி, தரையில் அழுந்தி, உள்ளுக்குள் உப்புக்கல் அரைபடுவதுபோல் எரியும். எழ வேண்டும். ஆனால் எழ முடியாது; எழுந்தால் கேட்கும். திருச்சி பஸ் மூலையில் திரும்பும்போது ஹாரன் அடிப்பான். அதற்காகக் காத்திருப்பாள். உச்சிகாலப் பூஜை மணிக்காகக் காத்திருப்பாள். காத்தாயி வரும் நாளில் உலக்கைச் சத்தத்துக்காகக் காத்திருப்பாள். மற்ற நேரங்களில் அடுக்களைக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து சமைத்தாள்.

மாற்றிய தைலத்தைக் கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்துக்கொள்வாள். அந்த நேரம் மட்டும் மூட்டுக்குள் யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல் இதமாக இருக்கும். கொஞ்சநேரம்தான். உடனே குடத்தைத் தூக்க வேண்டும். எண்ணெய் கொடுத்ததை உரல் பிடுங்கிக்கொண்டது.

“ஓய்வு அங்க படுத்திருக்கு, எண்ணெய் இங்க ஒழுகுது,” என்றாள் காத்தாயி. “ரெண்டும் ஒரே காலுக்குக் கெடைச்சாத்தானேக்கா வைத்தியம்?”

செவந்தி காலையும் மாலையும் உள்ளறையில் உட்கார்ந்து படித்தாள். அதுவும் உரக்க.

“தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதத்தில் மேற்குக் கடற்கரையை அடைகிறது.”

“ஏன் இப்படிக் கத்துற?” என்று ஒருநாள் ஆத்மநாதன் கேட்டார்.

“சத்தமாப் படிச்சாத்தாம்ப்பா மனசுல ஏறுது.”

“ஊருக்கே ஏறிரும் போலருக்கே.”

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உண்ணாமலை அடுக்களைத் தரையில் வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. செவந்தி மடியில் கணக்குப் புத்தகம் இருந்தது; வாய் திறக்காமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எழுவதற்காக உண்ணாமலை உள்ளங்கையைத் தரையில் ஊன்றினாள். அந்தக் கணமே, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், மகள் குரலெழுப்பினாள்.

“தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதத்தில் மேற்குக் கடற்கரையை அடைகிறது.”

முழங்கால்கள் சொடுக்கின. பருவக்காற்று அந்தச் சத்தத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. தாய் நின்றதும் மகள் குரல் நின்றது.

உண்ணாமலை அப்படியே நின்றுவிட்டாள். ஒரு மாதமாக இதே ஒரு வரியைத்தான் கேட்டிருக்கிறாள். பூகோளப் புத்தகம் பெட்டியின் அடியில் கிடக்கிறது. இவள் எப்போது தெரிந்துகொண்டாள்? மகளைக் காப்பாற்றத் தாய் சுள்ளி ஒடிக்க, தாயைக் காப்பாற்ற மகள் தொண்டையை ஒடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே கூண்டுக்குள் ஒருவருக்கொருவர் தெரியாமல் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கும் சத்தம் கூடாது அந்த வீட்டில்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை அறுபத்து மூன்றாவது நாள் வந்தது. திங்கட்கிழமை செவந்திக்குப் பரீட்சை.

வைத்தியர் வந்தார். ஆத்மநாதன் உட்கார்ந்து எழுந்து காட்டினார். சத்தமில்லை. வைத்தியர் மூட்டைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார்.

“என் முட்டி வாயை மூடிக்கிச்சு,” என்றார் ஆத்மநாதன். “இனி அடுத்த முட்டியப் பாருங்க.”

கதவுக்குப் பின்னால் உண்ணாமலை நிலையைப் பற்றிக்கொண்டாள்.

“சாத்துன வீட்டுல ரெண்டு மாசம் படுத்திருக்கிறவனுக்குக் காதத் தவிர வேற என்ன வேலை வைத்தியரே? ஒரு நாளைக்கு நாப்பது தரம் பருவக்காத்து வீசுச்சு. மூணாவது நாளே தெரிஞ்சுக்கிட்டேன்.” அவர் குரலில் கோபமில்லை. “எந்திரிக்கையில எப்படிக் குத்தும்னு எனக்குத் தெரியும். அவ பாவம். அதே தைலத்த நாளைலேர்ந்து அவளுக்கு ஆரம்பிச்சிருங்க. செவந்தி நாளைலேர்ந்து அடுக்களையப் பாத்துக்கட்டும்.”

ஒன்பது வருஷத்தில் கணவரின் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் இரக்கம் அது. அது இப்படித்தானா வந்து விழ வேண்டும்? கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்து கெஞ்சலாம். இரக்கத்திடம் எப்படிக் கெஞ்சுவது?

உள்ளறையில் செவந்தி புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

உண்ணாமலை கதவைத் தள்ளித் திறந்தாள். கூடத்துக்கு வந்தாள். வாழ வந்த நாளிலிருந்து அந்நிய ஆண் முன்னால் வைக்காத அடி. அவள் வைத்தியர் முன்னால் மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எழுந்தாள். இரண்டு மூட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. பருவக்காற்று வீசவில்லை.

“இதாங்க என் முட்டி,” என்றாள். “அன்னிக்கு உக்காந்து எந்திரிச்சது நான் இல்ல.”

“தெரியும்மா,” என்றார் வைத்தியர்.

“உள்ள போ,” என்றார் ஆத்மநாதன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“போறேங்க. அவ பரீட்சை எழுதட்டும். எழுதி முடிச்ச மறுநாளே படுத்துக்கிறேன். அதுக்கு முன்னால ஒரு சொட்டுத் தைலத்தத் தொட மாட்டேன். சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, உள்ள போயிடறேன்.”

அவர் வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் தரையைப் பார்த்தார்.

“இந்த மூட்டோட இன்னும் பத்து நாள் ஒரல்ல நின்னா, அப்புறம் தைலம் பாதி வேலதான் செய்யும்மா,” என்றார் வைத்தியர். “போன வழவழப்பு முழுக்கத் திரும்பாது.”

“பாதி போதுங்க.”

அவள் நகரவில்லை. அந்நிய ஆண் முன்னால் அவள் நிற்கிற ஒவ்வொரு நொடியும் ஆத்மநாதனின் முகத்தில் அடிபோல் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் அவர் உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

“ஹால் டிக்கெட்டு குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்கப்பா,” என்று செவந்தியின் குரல் வந்தது. இந்த முறை மிக மெல்ல.

“காத்தாயியப் பத்து நாளும் வரச்சொல்லு,” என்றார் மனைவியிடம். “பரீட்சை முடிஞ்சதும் புள்ள அடுப்படிக்கு வந்திரணும்.”

“அறுபத்து மூணு நாள்தாங்க. ஆனியில பயிற்சிப் பள்ளிக்கு மனுப் போடணும்.”

“அத அப்பப் பாக்கலாம்.”

அந்தச் சொல் அவளுக்கு ரொம்பப் பழக்கம். பிறந்த வீட்டுக்குப் போகக் கேட்டபோது, வேலைக்காரியைத் திரும்ப வைக்கக் கேட்டபோது, எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். தான் படுத்துக்கிடப்பதும், மகள் அந்த அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதும், அறுபத்து மூன்று நாள் நூறு நாளாவதும் அவள் கண்முன் வந்து போயின.

வைத்தியர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசற்கதவைத் திறந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு பங்குனி வெயில் கூடத்துக்குள் ஒரு முழம் வந்து விழுந்தது. அவர் ஆத்மநாதனிடம் சொல்லாமல், நேராக அவளைப் பார்த்துச் சொன்னார்.

“நாள நான் எண்ணிக்கிட்டே இருப்பேம்மா. அறுபத்து மூணாவது நாள் காலைல நானே வந்து இந்தக் கதவத் தட்டுறேன்.”

“வாங்க,” என்றாள் அவள்.

அவர் படியிறங்கிச் சந்தில் நடந்தார். வெள்ளை வேட்டி மூலை திரும்பி மறைந்தது.

“காத்து வருது,” என்றார் ஆத்மநாதன். “சாத்து.”

உண்ணாமலை கூடத்தைக் கடந்து நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் சத்தம் போட்டது. உள்ளே யாரும் குரலெழுப்பவில்லை. அவள் கையிலும் சுள்ளி இல்லை. வெறிச்சோடிய சந்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.